மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் கடன் குறையுமா?

கொருக்குப்பேட்டையில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவர் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார், கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். இருவர் வருமானமும் சேர்ந்தால் மாதம் 33,000 ரூபாய். கடன் மூன்று. 16 சதவீத வட்டியில் நான்கு வருடத்துக்கு எடுத்த 3 லட்சம் ரூபாய் பர்சனல் லோனில் 14 டியூ கட்டியாகிவிட்டது, மாதம் 8,502 ரூபாய் போகிறது. கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி நிற்கிறது, அதற்கு மாதாமாதம் 2,000 ரூபாய் கட்டுகிறார். தெரிந்தவர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500 ரூபாய் வட்டி மட்டும் போகிறது. எல்லாம் போக இப்போதுதான் மாதம் 1,500 ரூபாய் மிஞ்ச ஆரம்பித்திருக்கிறது. “இந்தச் சின்னத் தொகையைக் கடனில் போட்டால் ஏதாவது நடக்குமா? எதில் போடுவது? மகள் பேரில் மாதம் 1,000 ரூபாய் நகைச் சீட்டு வேறு போகிறது, அதை நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது” என்கிறார்.

நடக்கும். நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே நடக்கும். ஆனால் அந்த 1,500 ரூபாய் அசலில் போய் விழ வேண்டும். தண்டையார்பேட்டையில் ஒரு சிக்கன நாணயச் சங்கத்தில் 22 வருடம் கடன் லெட்ஜர் எழுதியவன் நான். கூடுதலாகக் கட்டியும் கடன் குறையாத பேரைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சமாகவே கட்டி, சொன்ன தேதிக்கு ஒரு வருடம் முன்பே முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர்களுக்குள் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. கட்டிய பணம் எந்தக் கணக்கில் வரவானது என்பதில்தான் வித்தியாசம்.

உங்கள் கார்டையே எடுத்துக்கொள்வோம். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 40,000 ரூபாய்க்கு 1,400 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 252 ரூபாய். ஆக மொத்தம் 1,652 ரூபாய். நீங்கள் கட்டும் 2,000 ரூபாயில் இது போக அசலுக்குச் சேருவது 348 ரூபாய்தான். இப்போது அந்த 1,500 ரூபாயைச் சேர்த்து 3,500 ரூபாயாகக் கட்டினால் என்ன ஆகும்? வட்டி அதே 1,652 தான். மீதி 1,848 ரூபாய் அசலில் விழும். கட்டுகிற தொகை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, அசல் குறைவது ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. வட்டி தன் பங்கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டதால், கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் முழுதாக அசலுக்கே போகிறது. சின்னத் தொகைக்கு இருக்கும் பலம் இதுதான்.

கார்டை இனிமேல் தேய்க்காமல் மாதம் 2,000 ரூபாயே கட்டிவந்தால் முடிய ஏறக்குறைய 43 மாதம் ஆகும். கையிலிருந்து போவது 86,000 ரூபாய்க்கும் மேல். மாதம் 3,500 கட்டினால் 16 மாதத்தில் முடிந்துவிடும், மொத்தம் 55,000 ரூபாய் சுமார். 31,000 ரூபாய் மிச்சம். ஸ்டேட்மெண்டில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். பாக்கி குறையக் குறைய அந்தத் தொகையும் குறைந்துகொண்டே வரும், கடன் நீண்டுகொண்டே போகும்.

அதே 1,500 ரூபாயை உங்கள் பர்சனல் லோனில் போட்டால்? அங்கே இப்போது அசல் பாக்கி 2,31,000 ரூபாய் சுமார், இன்னும் 34 டியூ இருக்கிறது. மாதம் 1,500 கூட்டிக் கட்டினால் ஆறு மாதம் முன்னால் முடியும், 11,000 ரூபாய் அளவுக்கு வட்டி மிச்சமாகும். நல்லதுதான். ஆனால் கார்டில் போட்டால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான்.

எது முதலில் என்று தீர்மானிக்க எங்கள் சங்கத்தில் வந்து கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்வேன். நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டினால் அடுத்த மாத வட்டியில் எவ்வளவு குறைகிறது? உங்கள் கார்டில் 4 ரூபாய் 13 காசு. மூன்று வட்டிக் கடனில் 3 ரூபாய். பர்சனல் லோனில் 1 ரூபாய் 33 காசு. இவ்வளவுதான் விஷயம். பர்சனல் லோன் தொகை பெரிதாக இருப்பதால் அதுதான் நம்மைப் பயமுறுத்தும். பயமுறுத்துகிற கடனும் தின்கிற கடனும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அதிகம் தின்பது கார்டு, அப்புறம் அந்தக் கைவட்டி.

கார்டில் இன்னொரு வசதி இருக்கிறது. அங்கே வட்டி தினசரி பாக்கியின் மேல் ஓடுகிறது. எந்த நாளும், எவ்வளவு சின்னத் தொகையும் போன் வழியாகவே கட்டலாம். மாதக் கடைசி வரை 1,500 சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சம்பளம் வந்த அன்றே 1,000, லாரி பேட்டா வந்த அன்று 300, 200 என்று கட்டிவிடுங்கள். முன்னால் விழுகிற பணம் அன்றிலிருந்தே வட்டியைக் குறைக்கும். கையில் வைத்திருந்தால் செலவாகிவிடும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதானே. ஆட்டோ பே போட்டிருந்தால் அது குறைந்தபட்சத் தொகைக்குப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கட்டும், கெடு தவறாமல் காக்கும். அதற்கு மேல் நீங்களாகக் கட்டுவதுதான் கணக்கு.

ஆனால் கார்டை இன்றோடு எடுத்து வைத்துவிட வேண்டும். பாக்கி நிற்கிற கார்டுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்று 600 ரூபாய்க்கு மளிகை வாங்கினால் இன்றே அதற்கு வட்டி ஆரம்பம். பலருக்கு இது தெரிவதில்லை, 45 நாள் இருக்கிறதே என்று நினைத்துத் தேய்க்கிறார்கள்.

அடுத்தது மூன்று வட்டிக் கடன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வட சென்னையில் பாதிக் குடும்பங்களை முடக்கிப் போடுவது இந்த மாதிரிக் கடன்தான் என்பது என் அனுபவம். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எங்கே போனாலும் “ரெண்டு வட்டி, மூணு வட்டி, அஞ்சு வட்டி” என்றுதான் பேச்சு. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரிகிறது. வருடத்துக்கு 36 சதவீதம் அது. இதில் டியூ என்று ஒன்று கிடையாது. வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருக்கலாம், கொடுத்தவர் அசலைக் கேட்கவே மாட்டார். மூன்று வருடம் கட்டினால் 54,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கும், 50,000 ரூபாய் அசல் அப்படியே இருக்கும்.

இதில் கூடுதலாகக் கட்டப் போனால் கொடுத்தவர்கள் பலர், “அசலைக் கொடுத்தால் மொத்தமாகக் கொடு” என்பார்கள். ஐநூறு, ஆயிரமாக வாங்கமாட்டார்கள். அதனால் பேசிப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: “அஞ்சாயிரம் அஞ்சாயிரமாகக் கொடுத்தால் அசலில் கழித்துக்கொள்வீர்களா? அடுத்த மாதத்திலிருந்து மீதிக்கு மட்டும் வட்டி போடுவீர்களா?” தெரிந்தவர் என்கிறீர்கள், ஒத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு 5,000 ரூபாய்க்கும் மாத வட்டியில் 150 ரூபாய் குறையும். சம்மதித்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, புரோ நோட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அதன் பின்பக்கத்தில் தேதி போட்டு, “அசலில் வரவு 5,000” என்று எழுதி அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வட்டி என்று எழுதினால் உங்கள் பணம் போச்சு. இரண்டாவது, முடிந்தவரை பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள், குறிப்பில் ‘அசல்’ என்று போடுங்கள். கடைசித் தொகை கொடுக்கும் நாளில் நோட்டையும், கொடுத்த வெற்றுச் செக் ஏதாவது இருந்தால் அதையும் கையோடு வாங்கிக் கிழித்துவிடுங்கள். அடுத்த வாரம் தருகிறேன் என்றால், கடைசித் தொகையையும் அடுத்த வாரம் தருவதாகச் சொல்லுங்கள்.

கொடுத்தவர் மிரட்டுகிற ஆளாக இருந்தால் கதை வேறு. தமிழ்நாட்டில் 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தினவட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாவற்றையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வீட்டு வாசலில் நின்று அவமானப்படுத்துவதையோ, ஏடிஎம் கார்டையும் ரேஷன் கார்டையும் பிடித்து வைத்துக்கொள்வதையோ பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

தண்டல் என்று சொன்னதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு உதவும். 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் கொடுப்பார்கள், தினம் நூறு ரூபாய் என்று நூறு நாள் வாங்குவார்கள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி வருடக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆனாலும் இதில் முன்கூட்டிக் கட்டுவதால் ஒரு பைசா மிச்சமாகாது. வட்டியை முதல் நாளே எடுத்துக்கொண்டுவிட்டார்களே. தண்டல் ஓடிக்கொண்டிருந்தால் அதை அதன் போக்கில் முடியவிடுங்கள், கூடுதல் பணத்தை வேறு கடனில் போடுங்கள். முடிந்த பிறகு மறுபடி எடுக்காமல் இருப்பதுதான் இதில் செய்யக்கூடியது.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா இதை அழகாகச் செய்தார். ஏழெட்டு வருடமாக ஒரு தண்டல் முடியும் முன்பே அடுத்ததை எடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு முறை தண்டல் முடிந்த மறுநாளும் அதே நூறு ரூபாயைத் தனியாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டார். ‘வசூல் பையன் வந்துட்டான்னு நெனச்சிக்குவேன்’ என்று என்னிடம் சொன்னார். நூறு நாளில் அவரிடம் 10,000 ரூபாய் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, துறைமுகமே அடங்கிவிடும். அந்த நாட்களைக் கடன் வாங்காமல் கடந்தது அந்த வருடம்தான். மாதச் சம்பளக்காரர்களுக்குச் சொல்லும் யோசனை தினக்கூலிக்காரர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் தினமும் எடுத்து வைத்து வாரம் ஒரு முறை கடனில் கட்டுவதுதான் ஒத்துவரும்.

சரி, உங்கள் பர்சனல் லோனுக்கு வருவோம். இப்போதைக்கு அதில் கூடுதலாகக் கட்ட வேண்டாம் என்கிறேன், ஆனாலும் என்றாவது கட்டுவீர்கள். அதற்கு முன் என் கதையைக் கேளுங்கள். பல வருடங்களுக்கு முன் அப்பாவின் ஆபரேஷனுக்காக ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுத்தேன். டியூவோடு மாதம் 1,000 ரூபாய் சேர்த்தே அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பார்த்தால் அசல் நான் போட்டிருந்த கணக்குப்படி குறையவே இல்லை. நான் கூடுதலாக அனுப்பிய 8,000 ரூபாயும் ‘முன்பணம்’ என்று ஒரு தனிக் கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தது. அடுத்த டியூ தவறினால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்களாம். லெட்ஜர் எழுதுகிறவனுக்கே இது தெரியவில்லை. எட்டு மாத வட்டி போனதுகூடப் பெரிதில்லை, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. அன்று முதல் யார் வந்து கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அதனால் டியூவுக்கு மேல் கட்டும்போது ‘பகுதி அசல் செலுத்துதல்’ என்று தனியாகக் கட்ட வேண்டும். செயலியில் பார்ட் பேமெண்ட் என்று இருக்கும். இல்லையென்றால் கிளைக்குப் போய், இந்தத் தொகையை அசலில் கழிக்கவும், டியூ தொகையை மாற்றாமல் மாதங்களைக் குறைக்கவும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மாதத்தைக் குறைக்கவா, டியூவைக் குறைக்கவா என்று கேட்பார்கள். வருமானம் அடிபட்டிருந்தால் தவிர மாதத்தைக் குறைப்பதுதான் லாபம். புதிய தவணை அட்டவணையை வாங்கி, அசல் பாக்கி உண்மையில் இறங்கியிருக்கிறதா என்று அடுத்த மாதம் பாருங்கள்.

கட்டணம் உண்டா என்பதும் முக்கியம். மாறும் வட்டியில் தனிநபர் சொந்தத் தேவைக்கு எடுக்கும் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி. அங்கே முதல் ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்கூட்டிக் கட்ட முடியாது, குறைந்தது இவ்வளவு கட்ட வேண்டும், கட்டும் தொகையில் இத்தனை சதவீதம் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி என்றெல்லாம் இருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் கடன் கொடுக்கும்போதே எல்லாக் கட்டணங்களையும் உண்மையான வருட வட்டியையும் போட்ட ஒரு விவரத் தாளைக் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு வாங்கிய கடன் என்றால் உங்களிடம் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழிலேயே கேட்டு வாங்குங்கள்.

கட்டணம் இருந்தால் கட்டவே கூடாது என்றும் இல்லை. 20,000 ரூபாய்க்கு 4 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 944 ரூபாய். இன்னும் 30 டியூ பாக்கி இருக்கும்போது அந்த 20,000 ரூபாயைக் கட்டினால் உங்கள் வட்டி விகிதத்தில் மிச்சமாவது 9,200 ரூபாய்க்கும் மேல், தாராளமாகக் கட்டலாம். கடைசி ஐந்து டியூ இருக்கும்போது கட்டினால் மிச்சமே 1,150 ரூபாய் சுமார்தான். அதில் 944 ரூபாய் கட்டணம் போனால் என்ன மீதி? அந்த நேரத்தில் டியூவைத் தொடர்ந்து கட்டி முடிப்பதே சரி. அசலில் போடுவதென்றால் கடனின் முதல் பாதியில் போட வேண்டும்.

பைக், வாஷிங் மெஷின் மாதிரிப் பொருட்களுக்குக் கடையிலேயே கொடுக்கும் கடனில் ‘12 சதவீத பிளாட் ரேட்’ என்பார்கள். 60,000 ரூபாய்க்கு இரண்டு வருடம் என்றால் வட்டி 14,400, மாதம் 3,100. அசல் குறைந்தாலும் வட்டி முழு 60,000 ரூபாய்க்கே போடப்பட்டிருப்பதால் உண்மையில் அது 21 சதவீதத்துக்கும் மேல். இவற்றில் இடையில் கட்டினால் வட்டி எவ்வளவு குறையும் என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கட்டுங்கள். மகளிர் குழு வழியாக வாரா வாரம் கட்டும் நுண்கடனுக்கு 2022 முதல் முன்கூட்டிக் கட்ட அபராதமே கிடையாது, அது ஒரு நல்ல விஷயம்.

இப்போது உங்கள் மூன்று கடனையும் சேர்த்து என் யோசனை. முதலில் 16 மாதம் கார்டுக்கு மாதம் 3,500. வட்டிக்காரருக்கு வழக்கமான 1,500. லோன் டியூ அதன் போக்கில். கார்டு முடிந்த மாதம்தான் உங்களுக்குச் சோதனை. மாதம் 3,500 ரூபாய் கையில் நிற்கும், வீட்டில் ஆயிரம் தேவை வரும். அதைத் தொடாமல் அப்படியே கைவட்டிக்குத் திருப்புங்கள். 1,500 வட்டியோடு சேர்த்து 5,000 ஆகிவிடும். வட்டி குறையக் குறையவும் அந்த 5,000 ரூபாயைக் குறைக்காதீர்கள், குறைகிற வட்டியும் அசலுக்கே போகட்டும். 12, 13 மாதத்தில் 50,000 ரூபாயும் முடியும். அப்போது பர்சனல் லோனில் ஐந்து டியூ அளவில்தான் பாக்கி இருக்கும். மூன்று வருடத்துக்குள் மூன்றும் முடிந்துவிடும். இன்று போலவே கட்டிக்கொண்டிருந்தால் 34 மாதத்தில் லோன் மட்டும் முடியும். கார்டில் இன்னும் ஒன்பது மாதம் இருக்கும், 50,000 ரூபாய் கைவட்டி அசல் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

வேகமான வழி ஒன்றும் இருக்கிறது. வீட்டில் சும்மா இருக்கும் நகை உண்டா? இன்றைய தங்க விலைக்கு இரண்டு பவுன் இருந்தாலே போதும். வங்கியில் நகைக் கடனாக 90,000 ரூபாய் வாங்கிக் கார்டையும் கைவட்டியையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். இப்போது இரண்டுக்கும் சேர்த்து வட்டி மட்டும் மாதம் 3,152 ரூபாய். வருடத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் நகைக் கடனுக்கு 900 ரூபாய்தான். அந்த 5,000 ரூபாயை மாதாமாதம் இதில் கட்டினால் 20 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். வருடம் முடிந்தால் மீதிக்கு மட்டும் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். இடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தெரு முனை அடகுக் கடையில் இரண்டு, மூன்று வட்டி என்றால் இந்தக் கணக்கு நிற்காது. இந்த வழியில் ஒரே ஆபத்து, காலியான கார்டு மறுபடி நிரம்புவது. அப்படி ஆகும் என்று உள்ளூரப் பயம் இருந்தால் கார்டை முடித்த அன்றே ரத்து செய்யக் கடிதம் கொடுங்கள். தாலியில் கோத்திருக்கும் தங்கத்தை எடுக்கச் சொல்லவில்லை. பெட்டியில் இருப்பதை மட்டும்தான் சொல்கிறேன்.

எந்த வழியாக இருந்தாலும் கையில் ஒரு 5,000 ரூபாய் தனியாக இருக்க வேண்டும். உங்கள் பகுதியில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கம் எத்தனை வீட்டில் மெத்தையும் பிரிட்ஜும் போயின, அந்த வாரம் எத்தனை பேர் பத்து வட்டிக்கு வாங்கினார்கள் என்று பார்த்தோமே. எல்லாப் பணத்தையும் கடனில் போட்டுவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் அஞ்சு வட்டிக்கு ஓடினால் செய்ததெல்லாம் வீண். தீபாவளி போனஸ் வந்தால் முதல் 5,000 ரூபாயை வேறு ஒரு கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள், மீதியைக் கார்டில் கட்டுங்கள்.

இன்னும் கொஞ்சம் பணம் எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்களுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறதா? வந்து, அது மளிகையில் கரைந்துகொண்டிருந்தால், மாதாமாதம் அதில் பாதியையாவது வரவான அன்றே கார்டுக்கு அனுப்புங்கள். கடைக்கு ஷேர் ஆட்டோவில் போய்வருகிறீர்களா? சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம். கூட்டம் இருக்கும், நேரமும் பிடிக்கும், எனக்குத் தெரியும். முடிகிற நாளில் மட்டும் பேருந்தில் போய், மிச்சமான 40 ரூபாயை அன்றே அனுப்புங்கள். சாப்பாட்டிலும் குழந்தையின் பாலிலும் மட்டும் கை வைக்க வேண்டாம். அப்படி வயிற்றை ஒடுக்கிக் கட்டுகிறவர்கள் நான்காவது மாதம் தளர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 1,000 ரூபாய்தான் முடியும் என்றால் 1,000 கட்டுங்கள், ஆனால் ஒரு மாதமும் விடாதீர்கள்.

இடையில் ஏதாவது டியூ தாமதமானால் வசூல் ஆட்கள் போன் செய்வார்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அவர்கள் அழைக்கக் கூடாது. உறவினர்களுக்கு, கடை முதலாளிக்குப் போன் போட்டு மானத்தை வாங்கவும் கூடாது. மீறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். “பாதியைக் கட்டுங்கள், செட்டில்மெண்ட் செய்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘முழுதாகக் கட்டவில்லை, பேசி முடித்தது’ என்ற பொருளில் பதிவாகி, நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது எதிரே வந்து நிற்கும். உங்களால் முழுதாகக் கட்ட முடிகிறது, உங்களுக்கு அது தேவையில்லை. கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கி, ஓரிரு மாதம் கழித்து சிபிலில் ‘முடிந்தது’ என்று வந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

கடைசியாக மகளின் நகைச் சீட்டு. இதில் உங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வெறும் கணக்காகப் பார்த்தால் மாதம் 4 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் சீட்டுப் போடுவது நஷ்டம். ஆனால் பாதியில் நிறுத்தினால் கடைகள் பொதுவாகச் சலுகையைக் கொடுக்காது, பணமாகத் திருப்பித் தருவதும் அரிது. அதனால் எத்தனை மாதம் கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேல் தாண்டியிருந்தால் முடியட்டும். வரும் நகையை மகள் பேரில் பத்திரமாக வையுங்கள். முடிந்த மறுமாதம் புதுச் சீட்டு ஆரம்பிக்காமல் அந்த 1,000 ரூபாயையும் கார்டில் சேர்த்து 4,500 ஆக்குங்கள். இப்போதுதான் ஒன்றிரண்டு மாதம் கட்டியிருக்கிறீர்கள் என்றால் கடையில் போய், கட்டிய தொகைக்குப் பொருளாகக் கேட்டுப் பாருங்கள், கொடுத்தால் வாங்கிக்கொண்டு நிறுத்திவிடலாம். கைவட்டி முடிகிற மாதத்தில் மகளுக்கு 2,000 ரூபாய் சீட்டாகவே மறுபடி ஆரம்பிக்கலாம், அப்போது உங்களுக்கு அது பாரமாக இருக்காது. இதை மகளிடமும் சொல்லி வையுங்கள், விவரம் தெரிந்த வயதுதான் என்றால் அவளே நாள் எண்ணிக்கொண்டிருப்பாள்.